மை டப்பா உருண்ட வளைவு

சோதனைக்கூடத்தில் பொருளை எடை வாரியாகப் பிரிக்கிற மாஸ் மெஷினுக்குப் 'பழுது' என்று அட்டை மாட்டிப் பூட்டுப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை, அந்தச் சோதனைக்கூடத்துக்கு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஓடைத்தாங்கலில், காலனித் தெரு வாட்டர் டேங்க்கைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புகிற வளைவில், பையும் சாப்பாட்டுக் கூடையுமாக வந்த பிள்ளைகள் திரும்ப முடியாமல் அகலமாய் இழுபட்டுப் போய், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் சாக்கடைக் காவா ஓரத்து உடைந்த சிமென்ட் பலகைமேல் போய் நின்றார்கள். விழவில்லை, அடிபடவில்லை, யாரோ தோளைப் பிடித்து நகர்த்தி வைத்தது மாதிரி, அவ்வளவுதான். பலகையிலிருந்து இறங்கி நடந்தால் பள்ளிக்கூடம் போய்ச் சேரலாம், அதற்குத் தடையில்லை. அன்றைக்குப் பத்து நிமிஷம் தாமதமாக மணி அடித்தார்கள்.

பெரியவர்களுக்கும் அதே கதிதான். ஊரிலேயே பிறந்து, ஊர்த் தண்ணீரைக் குடித்து, ஊர்க் காற்றை மூச்சுவிட்டவர்கள் எத்தனை மெதுவாக நடந்தாலும் வீசிப்போய்ப் பலகையில் நின்றார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்த வெளியூர்க்காரர், போன மாசம் தாலி கட்டிக்கொண்டு வந்த மருமகள் மாதிரியான ஆட்கள் வளைவை ஒட்டி நறுக்கென்று திரும்பி, நூருல்லா பாய் டீக்கடை வாசலில் போய் நின்றார்கள். நாற்பது வருஷம் வெளியூர்களில் கடை போர்டு எழுதி, பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கியே பழகிப்போய், இப்போது மகன் வீட்டோடு வந்து தங்கியிருக்கிற ஆர்ட்டிஸ்ட் குணபூஷணம் மட்டும் இரண்டிலும் சேராமல் நடுவில் கரண்ட் கம்பத்தடியில் போய் நின்றார். தினமும் அதே கம்பம், ஒரு சாண் இப்படி அப்படி இல்லை.

அதிசயத்துக்குப் பழக நம்ம சனங்களுக்கு மூன்று நாள் போதும். நாலாம் நாள் பலகைமேல் யாரோ கோணி விரித்து வைத்தார்கள். பூக்காரம்மா கூடையைக் கோயில் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, எப்படியும் எல்லாரும் வந்து நிற்கப்போகிற இடமாச்சே என்று பலகைக்குப் பக்கத்தில் கடை போட்டாள். மினி பஸ் கண்டக்டர், "காவா ஓரம் போறவங்கல்லாம் இப்பவே எறங்கிக்கோ" என்று குரல் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடிக்கிற சாக்கில் பெண்ணை வளைவில் நாலு நடை நடக்கவிட்டு, அவள் பலகைக்குப் போனால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கலந்துகினு சொல்றோம்" என்று கிளம்பினார்கள். ஊராட்சித் தலைவர் பலகையைச் சுற்றிப் பைப் கம்பியில் தடுப்பு வைத்து, தன் பெயரைத் தடுப்பைவிடப் பெரிசாக எழுதித் திறந்துவைத்தார். எல்லாம் செய்தார்கள். ஏன் நாங்கள் மட்டும் அங்கே போய் நிற்கிறோம் என்று ஒரே ஒரு வாய், ஒரே ஒரு பாழாய்ப்போன வாய் திறந்து கேட்கவில்லை.

அஞ்சலாட்சி கேட்கவேண்டிய அவசியமே இல்லை, அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்தச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். மெஷினைத் தொட அவளுக்கு அனுமதியில்லை, அதற்கு முந்தின வேலைதான் அவளுடையது. வெள்ளைக் கிண்ணங்களை ஆசிட்டில் ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் அலசி, கை படாமல் எடுத்துவைக்கிற வேலை. ஆனால் கண் சும்மா இருக்குமா? ஈயம் எல்லாம் ஒரே ஈயமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குள்ளேயே எடை கொஞ்சம் கூடினதும் குறைந்ததுமாக நாலு வகை உண்டு, எந்தச் சுரங்கத்தில் பிறந்ததோ அதற்குத் தக்கபடி நாலும் கலந்திருக்கிற அளவு மாறும், அதை வைத்து இது எங்கே இருந்து வந்த ஈயம் என்று ஜாதகம் கணித்தது மாதிரி சொல்லிவிடலாம். மெஷின் செய்கிறது அதைத்தான். சாம்பிளைச் சூடாக்கி, மின்சாரம் ஏற்றி, காந்தத்துக்கு நடுவே வளைந்த குழாயில் ஓடவிடும். லேசானது வளைவை ஒட்டித் திரும்பும், கனமானது அகலமாய் வீசிப்போகும், எது எங்கே போய் விழுகிறது என்று கடைசியில் எண்ணிக்கொள்ளும். பூட்டின அறைக்குள் நடக்காமல் நின்றுபோன அந்த வேலைதான் இப்போது தன் ஊர் வளைவில் நடக்கிறது என்று அவள் டீக்கடை எதிரில் நின்று ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டாள். குணபூஷணம் நடுக் கம்பத்தில் நிற்பதும் அதனால்தான், அவர் நாக்கு வழியாக ஏறினது வெளியூர்ப் பெயிண்ட்டில் இருந்த வேறு ஜாதக ஈயம்.

மெஷினுக்கு ஒரு பழுதும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடைத்தாங்கலின் கிழக்குக் கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஆலை இருக்கிறது, ஊர் வாயில் அதற்குப் பேர் உலை. அஞ்சலாட்சியின் மகள் தன்ஷிகாவுக்கு ஏழு வயசு. போன வருஷம் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் கடகடவென்று சொன்ன பிள்ளை, இந்த வருஷம் ரெண்டாம் வாய்ப்பாட்டில் ஆறிரண்டு வந்ததும் நின்று அம்மா முகத்தைப் பார்க்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். ரத்தத்தில் அஞ்சுகூட இருக்கக்கூடாத ஈயம் முப்பத்தெட்டு இருந்தது. சோதனைக்கூடத்துப் பிலோமினா மேடம் அந்த ரத்தத்தையும் உலைக் கழிவுக் கட்டி ஒன்றையும் ஒரே திங்கள்கிழமையில் மெஷினில் ஓட்டினார். இரண்டும் ஒரே ஜாதகம். செவ்வாய்க்கிழமை காலையில் மேடத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, மத்தியானம் மெஷினுக்கு அட்டை வந்தது.

அதோடு விட்டார்களா, பாவிகள்! உலைக்காரர்கள் பெரிய படிப்புப் படித்த ஒருத்தரைக் கூட்டிவந்து பளபளவென்று ஒரு அறிக்கை எழுதவைத்தார்கள். பிள்ளைகள் உடம்பில் ஈயம் வந்தது உலையிலிருந்து இல்லை, தாய்மார்கள் பிறந்த நாளிலிருந்து கண்ணுக்கும் புருவத்துக்கும் கன்னத்துக்கும் அப்புகிற மையிலிருந்து என்று. தாய்மார்களின் அறியாமை என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதை வைத்து இரண்டாவது உலைக்கும் அனுமதி கேட்டிருந்தார்கள், விசாரிக்கக் கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ. மேடம் வரப்போகிறார்.

அந்த அறிக்கையைப் படித்த அன்றைக்கு அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்து மை டப்பாவைத் தேடி எடுத்தாள். அவள் கையால் செய்த மை அது. கரிசலாங்கண்ணிச் சாறில் துணியை ஊறவைத்துக் காயப்போட்டு, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த பித்தளைத் தட்டில் படிந்த கரியை வழித்து எடுத்தது. தன்ஷிகா பிறந்த பதினோராம் நாளிலிருந்து தன் விரலால் வைத்துவிட்டது. "நான்தானாய்யா? நானே என் கையால என் புள்ளைக்கு வெஷம் வெச்சேனா?" என்று புருஷன் ஏகாம்பரத்திடம் கேட்டாள். மினி லாரி ஓட்டுகிற ஏகாம்பரம், "லூசாடி நீ, அவனுங்க எழுதினா உண்மையாயிடுமா?" என்றான். அவன் அப்படிச் சொல்லியும் அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் கண்ணைத் தொடவே கை கூசியது. ஒரு தாயைப் பார்த்து அந்தச் சந்தேகத்தை அவள் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார்களே, அதுதான் அவளால் மன்னிக்க முடியாத விஷயம்.

வளைவை மறுபடியும் பார்த்தபோது அவள் கோபம் வழி கண்டுபிடித்தது. விசாரணை நாளன்றைக்கு ஆர்.டி.ஓ. மேடத்திடம் நேரே போய், "அம்மா, உங்க ஆபீஸ் ரூம்ல ஒண்ணும் வேணாம், டேங்க் வளைவுக்கு வாங்க. யார் சொல்றது பொய்யின்னு உங்க கண்ணாலயே பாருங்க" என்றாள். மேடம் நியாயமான மனுஷிதான். ஆனால் நியாயமான மனுஷிகளுக்கும் மேலே ஆபீஸ் இருக்கிறது. வந்தார்.

ஊரே கூடியிருந்தது. உலையின் மேனேஜர் சுதர்சனம் வெள்ளைச் சட்டையில், கறுப்புக் கண்ணாடியில், கையில் ஒரு வாட்டர் பாட்டிலோடு நின்றார். அஞ்சலாட்சி சோதனைக்கூடத்து வழக்கப்படியே எல்லாவற்றையும் தயார் செய்திருந்தாள். எந்தச் சாம்பிளையும் நம்புவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுக் கிண்ணத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும். பிளாங்க் என்பார்கள் அதை. பிளாங்க் சுத்தமாக வந்தால்தான் மற்றதெல்லாம் செல்லும், பிளாங்க்கில் அழுக்கு இருந்தால் அன்றைய வேலை முழுக்கக் குப்பை. அதற்காகப் புது எவர்சில்வர் டம்ளர் ஒன்றை முந்தின நாளே ஆசிட்டில் ஊறவைத்து, மூன்று தரம் அலசி, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பாயிடம் கொடுத்து வைத்திருந்தாள். மை டப்பாவையும் அப்படியே வெளியே துடைத்து இன்னொரு பையில் போட்டு, அதை மட்டும் தன் இடுப்பிலேயே செருகியிருந்தாள்.

"மொதல்ல காலி டம்ளரை உருட்டறேன் மேடம். இதுல ஒண்ணும் கெடையாது. இது பாய் கடை வாசலுக்குத்தான் போவணும்."

பாய் டம்ளரை நீட்டினார். அவள் உருட்டினாள். டம்ளர் கணகணவென்று உருண்டு வளைவுக்கு வந்து, ஒரு நொடி தயங்கினது மாதிரி தயங்கி, அகலமாய் வீசிப்போய்க் காவா ஓரத்துப் பலகையில் டங்கென்று முட்டி நின்றது.

கூட்டம் ஹோ என்றது. சுதர்சனம் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? காலி டம்ளரும் அங்கதான் போகுது. ரோடு சரிவு. இதைப் போய் ஒரு பொம்பளை சயின்ஸுன்னு சொல்லிட்டுத் திரியுது."

அஞ்சலாட்சிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "பாய், டம்ளரை இன்னா பண்ணே?"

நூருல்லா பாய் முகம் செத்துப்போய்விட்டது. "பெரிய மனுஷங்க கைபடப் போற டம்ளராச்சே தங்கச்சி, எடுத்து அப்படியே குடுக்கலாமா? கொழாத் தண்ணியில ஒரு அலசு அலசினேன்."

யாரையும் குற்றம் சொல்ல முடியாத தப்பு அது. அந்த ஊரில் எவரும் டம்ளரை அலசாமல் கையில் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் மரியாதைக் குறைச்சல். அவள் வாயில் வந்த திட்டைப் பாயின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். விழுங்கின அந்தக் கணத்தில்தான் பாய் என்ன சொன்னார் என்பது அவளுக்கு உறைத்தது.

"மேடம்," என்றாள். "கேட்டீங்களா? ஒரு அலசுதான். கொழாத் தண்ணியில ஒரே ஒரு அலசு. அதுக்கே டம்ளர் அங்க போயி நிக்குது. எங்க புள்ளைங்க அந்தத் தண்ணிய ஏழு வருஷமா குடிக்குது மேடம், ஏழு வருஷமா!"

அவள் இடுப்பிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். பை கிழிய மறுத்தது, பல்லால் கிழித்தாள். இது எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியாது, அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ராத்திரியில் தனியாக வந்து உருட்டிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, ஊர் முன்னால் உருட்டுகிற அன்றைக்குத்தான் அவளுக்கே பதில் கிடைக்கும். பலகைக்குப் போனால் அவள் குற்றவாளி. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். உருளுகிற சத்தம் வந்தது, அப்புறம் வரவில்லை, அப்புறம் ஒரு பிள்ளை சிரித்தது.

டப்பா டீக்கடை வாசலில், முதல் படிக்கட்டை ஒட்டிக் குந்தியிருந்தது.

அஞ்சலாட்சி அந்த இடத்திலேயே தெருவில் உட்கார்ந்து, ஒரு வாரமாய் அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். ஏகாம்பரம் ஓடிவந்து தோளைப் பிடித்தான், அவள் தட்டிவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலைக் கழிவுக் கட்டியை ஒரு டப்பாவில் போட்டு உருட்டினாள், அது பலகைக்குப் போனது. தன்ஷிகாவை நடக்கவிட்டாள், பிள்ளை அந்தக் கட்டியின் பக்கத்திலேயே போய் நின்றது. மறுபடியும் மை டப்பாவை உருட்டினாள், மறுபடியும் டீக்கடை. "இந்த ஊர்லயே சுத்தமான பொருள் இந்த மைதான் மேடம், இதான் என் பிளாங்க்கு," என்றாள்.

"தண்ணி மோசம்னா ஊராட்சியைக் கேளுங்க, எங்களை ஏன் கேக்கறீங்க?" என்று சுதர்சனம் கத்தினார். "நான் நாலு வருஷமா உலை குவார்ட்டர்ஸ்லயே குடியிருக்கேன். கேன் தண்ணிதான் குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துச்சு? நடந்து காட்டறேன், பாருங்க."

யாரும் அவரை நடக்கச் சொல்லவில்லை, அவராகத்தான் நடந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு எட்டு வைத்தார், ஐந்தாவது எட்டில் ஷூ தேய்ந்து இழுபட, கையில் இருந்த பாட்டில் ஒரு பக்கம் பறக்க, ஊரில் இதுவரை யாரும் போகாத வேகத்தில் வீசிப்போய்ப் பலகையில் தன்ஷிகாவை இடிக்காத குறையாக நின்றார். குடிக்கிற தண்ணீரை வாங்கிக்கொள்ளலாம், மூச்சுவிடுகிற காற்றைக் கேனில் யார் கொண்டுவந்து போடுவார்கள்?

ஆர்.டி.ஓ. மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதினது மேலே போனது, மேலேயிருந்து இன்னும் மேலே போனது, ஒரு மாசம் கழித்து உத்தரவு கீழே வந்தது. ஓடைத்தாங்கல் வாட்டர் டேங்க் வளைவில் பொறியியல் குறைபாடு இருப்பதால் பொதுமக்கள் நலன் கருதி அதை உடனே நேராக்கவேண்டும் என்று உத்தரவு. இரண்டாவது உலைக்கு அனுமதி என்று அடுத்த உத்தரவு. உடைந்த பலகைக் கல்லை மாற்றித் தாருங்கள் என்று மூன்று வருஷமாய் மனு கொடுத்த ஊர் அது. வளைவை நேராக்க இரண்டே நாளில் ஜல்லியும் தாரும் ரோலரும் வந்து இறங்கின. பாய் கடையின் பாதிக் கூரை போயிற்று, கரண்ட் கம்பம் நகர்ந்தது, தலைவர் பெயர் எழுதின தடுப்பைக்கூடப் பிடுங்கிப் போட்டார்கள். கையால் அளந்து பார்த்தாலும் கோணல் தெரியாத அளவுக்குக் கறுப்பாய், நேராய், வெறித்துக்கொண்டு கிடந்தது தெரு.

இரண்டாவது உலையைப் பற்றவைக்கப் பந்தல் போட்டிருந்த நாள் காலையில், அஞ்சலாட்சி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வாசலை விட்டு இறங்கி நேராகத்தான் நடந்தார்கள். மேற்கே நடந்த கால் தெற்கே சாய்ந்தது, தெற்கே சாய்ந்தது கிழக்கே திரும்பியது, யாரோ தோளைப் பிடித்து நகர்த்தினது மாதிரி ஊரைச் சுற்றி அகலமாய் வீசிப்போய், இரண்டு பேரும் உலையின் இரும்பு கேட் முன்னால் போய் நின்றார்கள். அங்கே ஏற்கெனவே பூக்காரம்மா நின்றிருந்தாள். மினி பஸ் கண்டக்டர் நின்றிருந்தார். ரேஷன் கடைக்குக் கிளம்பினவர்கள் மண்ணெண்ணெய் கேனோடும், குளிக்கக் கிளம்பினவர்கள் சோப்பு டப்பாவோடும், கல்யாணம் தட்டிப்போன பெண்கள் நாலைந்து பேர் தலையில் துண்டோடும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தர் கையிலும் கொடி இல்லை, ஒருத்தரும் கோஷம் போடவில்லை. எட்டு மணிக்குள் நானூறு பேர்.

போலீஸ் வந்து கலைந்து போகச் சொன்னது. எல்லாரும் மரியாதையாகக் கலைந்து போனார்கள், போன வேகத்தில் வளைந்து திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்கள். "நாங்க இன்னா சார் பண்றது, காலு போவுது" என்று குணபூஷணத்தின் மகன் இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். ஊருக்குள் நாலு வருஷமாய் டியூட்டி பார்த்த ஏட்டு ஒருத்தரும் லத்தியோடு வந்து வரிசையில் நின்றுகொண்டார். பேட்டரி ஏற்றி வந்த லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன, உலைக்குள் போட வேண்டியது எதுவும் உள்ளே போக முடியவில்லை.

பத்து மணிக்கு சுதர்சனம் கேட்டின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு, "எவன்டா உங்களையெல்லாம் தூண்டி விட்டது?" என்று கத்தியபடி வெளியே வந்தார். கத்தி முடித்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார். மூன்று எட்டு வைத்தார், வளைந்து வெளியே வந்தார். மறுபடியும் போனார், மறுபடியும் வெளியே வந்து, தன்ஷிகாவின் பக்கத்தில் போய் நின்றார். பந்தலில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

தன்ஷிகா தலையை உயர்த்தி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"அங்கிள், உங்க அம்மாவும் உங்களுக்கு மை வெச்சாங்களா?"

அவர் மறுபடியும் கேட்டைப் பார்த்து மூன்று எட்டு வைத்தார், வளைந்து அதே இடத்துக்கு வந்தார். நானூறு பேரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். மதில் சுவருக்கு மேலே பழைய உலையின் புகை மெலிந்து நூலாகி, மத்தியானத்துக்குள் நின்றுபோனது. அஞ்சலாட்சி இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து, மோதிர விரலால் தொட்டு, மகளின் இரண்டு கண்ணுக்கும் நிதானமாக மை வைத்துவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை, அவளும் எங்கேயும் போகப்போவதில்லை, அவரும் எங்கேயும் போகப்போவதில்லை.